கோலாப்பூரி செருப்புக்கு அடித்தோல் தேவை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோலாப்பூரி விற்கும் பழைய கடை ஒன்றுக்காகக் கேட்கிறோம். அடி தேய்ந்து திரும்பி வரும் ஜோடிகளுக்கு மாற்ற, மரப்பட்டை போட்டுப் பதனிட்ட எருமைத்தோல் வேண்டும். கனம் 4 முதல் 5 மி.மீ., மாதம் 10 கிலோ போதும். திண்டுக்கல், திருச்சி பக்கம் இவ்வளவு குறைவாகத் தருபவர் உண்டா?

குரோம் தோல் (குரோமிய உப்பில் பதனிட்டது) வேண்டவே வேண்டாம். நனைத்துத் தட்டினாலும் இறுகாது. தையல் துளை இளகி அடி பிரிந்துவிடும். அசல் கோலாப்பூரியில் ஆணி கிடையாது, தோல்வார்த் தையல்தான் எல்லாம். வெட்டிய ஓரம் உள்ளே நீலச் சாம்பலாகத் தெரிந்தால் குரோம். பட்டைத்தோல் நடுவரை பழுப்பு. மேலே சாயம் பூசி விற்பவர்களும் இருப்பதால், வெட்டுமுகத்தின் படத்தோடு விலை சொல்லுங்கள்.

இன்னொன்று. மழைக்காலத்தில் இருப்பில் பூஞ்சை பிடிக்கிறது. வெயிலில் வைத்தால் தோல் சுருண்டு வெடிக்கும் என்பதால் துடைத்து நிழலில் காயவைத்து எண்ணெய் தடவுகிறோம். வேப்பெண்ணெய் கலந்து பார்த்தவர்கள் அளவு சொன்னால் உதவியாக இருக்கும்.