மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிற்பம் காட்டப் போறது வீண் அலைச்சலோ?

பாவற்குளத்தாள்:
போன சனிக்கிழமை பிள்ளையள் இரண்டு பேரையும் (ஐஞ்சு வயசு, மூண்டு வயசு) கூட்டிக்கொண்டு வவுனியாவிலையிருந்து ரெயினிலை அனுராதபுரம் போனனாங்கள். இசுருமுனியவிலை தண்ணிக்குச் சற்று மேலை, பாறையிலை செதுக்கின யானையள் இருக்குதெல்லோ, அதைக் காட்டத்தான் போனது. சின்னவள் குளக்கட்டிலை குந்தியிருந்து, "அம்மா, யானை எப்ப குளிச்சு முடிக்கும்?" எண்டு கேட்டாள். அரை மணித்தியாலம் அசையேல்லை. பெரியவனுக்குப் பாறை வெடிப்புக்குள்ளை தொங்கின வௌவால்தான் பெரிய விசயம். வீட்டை வந்து சொல்ல, மச்சாள் "உந்த வயசிலை சிலை என்ன விளங்கும்? காசும் வெயிலும்தான்" எண்டு போட்டா. எனக்கு மனம் பொறுக்கேல்லை. நீங்கள் என்ன சொல்லுறியள்?

கனகராயன்:
அக்கா, கோவிக்காதேங்கோ, உங்கட மச்சாள் சொன்னதுதான் சரி. நான் மாங்குளத்திலையிருந்து வான் பிடிச்சு பொலன்னறுவை கல் விகாரைக்குக் குடும்பமாப் போனனான். உச்சி வெயில். செருப்புக் கழட்டவேணும். கல்லிலை கால் வைச்ச உடனை நாலு வயசு மகள் கத்தத் தொடங்கினவள், பிறகு முழுக்கத் தோளிலைதான். படுத்திருக்கிற புத்தர் பதினாலு மீற்றர் நீளம். அவளுக்கு இண்டைக்கு ஞாபகம் இருக்கிறது உள்ளங்கால் சுட்டது மட்டும்தான். எட்டு வயசு வரட்டும், பிறகு காட்டுவம். அதுவரைக்கும் இரணைமடுக் குளக்கட்டும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் காணும்.

நெடுங்கேணி ரீச்சர்:
தம்பி, பிழை பிள்ளையிலையும் இல்லை, சிலையிலையும் இல்லை, நேரத்திலை. காலமை வெள்ளெனப் போகவேணும், பிள்ளையளுக்குக் காலுறை போட்டுவிடவேணும். இன்னொண்டு: கல் விகாரை மட்டும் பாத்திட்டுத் திரும்பினனீங்களோ? அங்கை இரண்டாம் சிவதேவாலயம் எண்டு ஒண்டு இருக்கு. சோழர் கட்டின முழுக் கற்கோயில். இராசராசன்ரை தேவியின்ரை பேரிலை வானவன்மாதேவி ஈச்சரம் எண்டு பேர், சுவரிலை தமிழ்க் கல்வெட்டு. சின்னக் கோயில், பிள்ளை தானே ஓடிச் சுத்தி வந்திடும். பதினாலு மீற்றரைப் பிள்ளையின்ரை கண் ஒரேயடியாப் பிடிக்காது. தன்ரை உயரத்துக்குக் கிட்ட இருக்கிறதைத்தான் அது முதல் பாக்கும். இசுருமுனிய யானையள் அப்பிடித்தான், அதிலை மாமல்லபுரத்துப் பல்லவர் கைச்சாயல் இருக்கெண்டு அறிஞர் சொல்லுறது பிறகு படிக்கிற விசயம்.

முப்பது வருசம் சித்திரம் படிப்பிச்சனான். ஆனை கீறு எண்டால் புத்தகத்து ஆனையைத்தான் கீறுவினம். வளைஞ்ச முதுகைக் கண்ணாலை கண்ட பிள்ளையின்ரை கோடு வேறை மாதிரி வரும்.

கனகராயன்:
ரீச்சர், காலுறை யோசினை நல்லது, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அங்கை தொட ஏலாது. தொடாமல் பாக்கச் சொன்னால் மூண்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? நாள் முழுக்க "தொடாதை, ஏறாதை" எண்டு கத்துறதே எங்களுக்கு வேலை. அது உல்லாசமோ?

பாவற்குளத்தாள்:
அது உண்மை. நானும் நாலைஞ்சு தரம் கையைப் பிடிச்சு இழுத்தனான்தான். ஆயிரம் வருசத்துக்கு மேற்பட்ட கல்லு, எல்லாற்றை வேர்வைக் கையும் பட்டால் கறுத்துத் தேய்ஞ்சு போகுமெண்டு சொல்லித்தான் விளங்கப்படுத்தினன். "அப்ப யானைக்கு நோகுமோ?" எண்டாள். ஓமெண்டன். பிறகு கை நீட்டேல்லை.

ஒலுமடுப் பொடியன்:
இதிலை ஒருத்தரும் சொல்லாத ஒண்டு இருக்கு. எங்கட வன்னிப் பிள்ளையள் தினமும் காணுற சிலை எது? நான் கிளிநொச்சியிலை வேலை. ஏ9 வீதிக் கரையிலை, போருக்குப் பிறகு இராணுவம் வைச்ச வெற்றிச் சின்னம், சாம்பல் நிறச் சதுரக் கட்டி. நடுவிலை குண்டு துளைச்சிருக்கு, வெடிப்பு ஓடுது, மேலை தாமரை. மகன் மோட்டச்சைக்கிளின்ரை முன்னுக்கு இருந்து "அப்பா, அந்தப் பெட்டியை ஆர் உடைச்சது?" எண்டு கேட்டவன். நான் என்ன சொல்ல? அதாலைதான் அனுராதபுரமோ பொலன்னறுவையோ, எங்கையெண்டாலும் கொண்டுபோகச் சொல்லுறன். கல்லுக்குள்ளை குளிக்கிற யானையும் இருக்கெண்டு அவன் காணவேணும்.

கனகராயன்:
தம்பி, அந்த நோவு எனக்கும் இருக்கு. அதுக்குத்தான் சொல்லுறன், ஊருக்குள்ளை தேடுங்கோ எண்டு. ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடு இருக்கு. 1803 ஒக்ரோபர் 31இலை வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சதெண்டு வெள்ளைக்காரன் கல்லு நட்ட இடம். ஊரின்ரை பேரிலையே கற்சிலை இருக்கு.

நெடுங்கேணி ரீச்சர்:
கற்சிலைமடு கட்டாயம் போகவேணும். ஆனால் அது கதை சொல்லிக் காட்டுற இடம், மூண்டு வயசுக்குக் கதை காணாது, உருவம் வேணும். எனக்குக் கனநாளா ஒரு ஆசை. குளக்கட்டுப் பக்கம் ஒரு மரநிழலிலை, பிள்ளையள் ஏறி இருக்கக்கூடியதா ஒரு கல் எருமை, ஒரு உடும்பு, ஒரு ஆமை. வேலி வேண்டாம், "தொடாதே" பலகையும் வேண்டாம்.

கனகராயன்:
ஆஸ்பத்திரிக்கு மருந்து வரட்டும் முதல், ரீச்சர். எருமை பிறகு. ஆனால் அந்த எருமை வந்தால் நான்தான் முதல் ஆளாய் மகளைக் கொண்டுவருவன்.

பாவற்குளத்தாள்:
மச்சாளுக்கு இதை வாசிச்சுக் காட்டினன். ஒண்டும் சொல்லேல்லை. சின்னவள் நேற்று குளத்துக் களியிலை யானை செய்து வாசல்படியிலை காயவைச்சிருக்கிறாள். தும்பிக்கை விழுந்துபோச்சு. சிரட்டையிலை தண்ணி கொண்டுவந்து பக்கத்திலை வைச்சிட்டுத்தான் படுத்தவள், அது குளிக்கவாம்.