போரிங் முடிந்த புல்லட் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை: கார்ப்பரேட்டரா, டேப்பட்டா?

சேலம்_350:
1994 மாடல் புல்லட் 350. இரும்பு இன்ஜின், ஸ்பார்க்குக்குப் பழைய பாயிண்ட் செட். போரிங் (சிலிண்டரைக் கடைவது), புது பிஸ்டன், வால்வு லேப்பிங் (வால்வைத் தேய்த்துப் படியவைப்பது) முடிந்து வந்திருக்கிறது. கார்ப்பரேட்டருக்கும் புது கிட் போட்டார்கள். காலையில் சோக் போட்டு உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் ஸ்லோவில் நிற்கும். சூடான பிறகு ஒரே உதைதான். கார்ப்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுற்றில் வைக்கலாம்?

கோவை_லேத்:
ஒன்றரைச் சுற்றில் தொடங்குங்கள். ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே விட்டு (பலம் கொடுத்தால் முனை கெட்டுவிடும்), அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் எங்கே அதிகமாகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, ஐடிலிங் வேகத்தை வைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைக் குறையுங்கள். உங்கள் மிக்கார்ப் விஎம்24 கார்ப்பரேட்டரில் இது காற்றுக்கான ஸ்க்ரூ. உள்ளே போனால் பெட்ரோல் கலவை கூடும். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கிற கார்ப்பரேட்டர்களில் இதற்கு நேர் எதிர், குழப்பிக்கொள்ள வேண்டாம். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கலவை கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது.

பாயிண்ட்_பாக்ஸ்:
அண்ணே, ஹெட்டையே திறந்து மூடிய வண்டி இது. அதைப் பார்க்காமல் ஸ்க்ரூ திருப்பச் சொல்கிறீர்களே! டேப்பட் (வால்வுக்கு விடும் இடைவெளி) இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். குளிர்ந்த இன்ஜினில், இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், வால்வை இயக்கும் கம்பியான புஷ்ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அப்புறம் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கிறதா, டைமிங் சரியா? இதெல்லாம் முடிந்த பிறகுதான் கார்ப்பரேட்டர் பக்கமே போக வேண்டும்.

கோவை_லேத்:
தம்பி, அவர் எழுதியதை மறுபடி படியுங்கள். சூட்டில் ஒரே உதையில் பிடிக்கிறது. டேப்பட்டோ டைமிங்கோ கெட்டிருந்தால் சூட்டிலும் தகராறு வரும். பாயிண்டோடு சேர்ந்த கண்டன்சர் போனால் சூட்டில்தான் முதலில் படுத்தும். குளிரில் மட்டும் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

பாயிண்ட்_பாக்ஸ்:
புது ரிங் இன்னும் பேரலோடு படிந்திருக்காது. குளிரில் கம்ப்ரஷன் குறைவாகத்தான் இருக்கும், அதுவும் காரணமாகலாம். ஊகம் எதற்கு? சேலம் நண்பரே, சோக் போட்டு நாலைந்து உதை உதைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, கோளாறு ஸ்பார்க்கிலோ கம்ப்ரஷனிலோ. காய்ந்திருந்தால் அண்ணன் சொல்வது சரி.

சேலம்_350:
பார்த்துவிட்டேன். பிளக் காய்ந்துதான் இருக்கிறது. வெளியே வைத்து உதைத்தால் ஸ்பார்க் நீலமாக வருகிறது. ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்று வரை உள்ளே விட்டும் பலன் இல்லை.

மதுரை_டீகம்ப்ரசர்:
பலன் இருக்காது. இருவரும் விட்ட விஷயம் ஒன்று உண்டு: சோக்குக்குப் பெட்ரோல் வரும் வழியே தனி. கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் பவுலிலிருந்து ஒரு சின்னத் துளை வழியாக நேரே ஏறும். ஏர் ஸ்க்ரூவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது வேலை செய்ய ஆக்சிலேட்டர் முழுக்க மூடியிருக்க வேண்டும். திருகிக்கொண்டே உதைத்தால் உறிஞ்சும் இழுப்பு போய்விடும். ஸ்லோ ஸ்க்ரூவை அளவுக்கு மீறி ஏற்றி வைத்திருந்தாலும் இதே கதைதான். பவுலைக் கழற்றி அந்தத் துளையில் காற்று அடியுங்கள். சோக் பிளஞ்சர் நன்றாக மேலே எழும்புகிறதா என்றும் பாருங்கள்.

சேலம்_350:
துளை அடைத்திருந்தது. பவுல் கேஸ்கட்டின் பிசிறு உள்ளே போயிருக்கிறது. காற்று அடித்து மாட்டி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதைத்தேன். இன்று காலை மூன்றாவது உதையில் பிடித்தது.

கோவை_லேத்:
நல்லது. பெட்ரோல்தான் என்று சொன்னேன் அல்லவா. ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைக்கே கொண்டுபோய், சூட்டில் மறுபடி வையுங்கள்.

பாயிண்ட்_பாக்ஸ்:
பெட்ரோல் சரி, ஸ்க்ரூ இல்லையே அண்ணே! கழற்றிய கையோடு ஸ்க்ரூவைத் திருப்பும் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். அடைப்பு அப்படியே இருக்க, நல்ல செட்டிங்கும் கலைந்துபோகிறது. சேலம் நண்பரே, புதிதாக லேப்பிங் செய்த வால்வு ஓட ஓட உள்ளே படியும், டேப்பட் இறுகும். முதல் 500 கி.மீ. முடிந்ததும் புஷ்ராடைச் சுற்றிப் பார்க்க மறக்காதீர்கள்.