கம்போடியாவில் குழந்தைகள் இல்லத்தில் நான்கு வாரத் தன்னார்வப் பணி: போகலாமா?

மருதமலைச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இப்போதிருக்கும் வேலையை விட்டு அடுத்த வேலையில் சேர்வதற்கு இடையே எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களை வெறும் ஊர் சுற்றலில் கழிக்காமல், வசதியற்ற பிள்ளைகளுக்குப் பயன்படும்படி கழிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பயண ஏற்பாட்டு நிறுவனம் ஒன்று கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் உள்ள ஆதரவற்றோர் இல்லத்தில் நான்கு வாரம் பணியாற்ற வாய்ப்புத் தருவதாகச் சொல்கிறது. விமானக் கட்டணம் நீங்கலாக 85,000 ரூபாய் கேட்கிறார்கள். நான்கு வயது முதல் பதினாறு வயது வரை சுமார் நாற்பது பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களாம். காலையில் ஆங்கிலம் கற்றுத்தருவது, பிற்பகலில் விளையாட்டு, மாலையில் சிறியவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டுவது, வார இறுதியில் அங்கோர் வாட் பார்ப்பது என்பது அவர்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரல். முன்பணமாகப் பத்தாயிரம் ரூபாய் கட்டிவிட்டேன்.

கட்டிய பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. அவர்கள் அனுப்பிய விண்ணப்பப் படிவத்தில் சைவமா அசைவமா என்றும், டிஷர்ட் அளவு என்ன என்றும் கேட்டிருந்தார்களே தவிர, குழந்தைகளோடு முன்பு பழகிய அனுபவம் உண்டா என்ற கேள்வி எங்குமே இல்லை. காவல்துறைச் சான்றிதழும் தேவையில்லையாம். சுற்றுலா விசாவே போதும், விமான நிலையத்தில் கேட்டால் கோயில் பார்க்க வந்ததாகச் சொல்லிவிடுங்கள் என்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள், நான் போகலாமா? பத்தொன்பது வயதுள்ள என் தம்பியும் பட்டப்படிப்பு முடிந்ததும் இப்படி ஓர் ஆண்டு வெளிநாட்டில் பணியாற்ற விரும்புகிறான். அவனுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

நெடுவழி எழுதியது:

சகோதரி, ஆடைத் தொழிற்சாலைப் பணிக்காகக் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். விமான நிலையத்தில் பொய் சொல்லச் சொல்லும் ஒருவர் உங்களைக் குழந்தைகளிடம் அழைத்துப் போகிறார் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான். அதற்குச் சுற்றுலா விசா செல்லாது.

மீதி விடை அந்த நாட்டின் கதையில் இருக்கிறது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டு இயக்கத்தின் கொடுங்கோல் ஆட்சியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஏராளம். அக்காலத்து இல்லங்களுக்கு நியாயமான தேவை இருந்தது. ஆனால் போர் ஓய்ந்து, நாடு தலைநிமிர்ந்து, அநாதைகளின் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டிய 2005க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலத்தில் இல்லங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 75 சதவீதம் கூடியது. அங்கே வளர்ந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார் என்று யுனிசெஃப் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டுகளில் பெருகியவர்கள் சுற்றுலாப் பயணிகள்.

இது எப்படி நடக்கிறது என்றால், கிராமத்துக்கு ஒருவர் வருகிறார். பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறும் ஆங்கிலப் படிப்பும் கிடைக்கும் என்கிறார். கடனில் இருக்கும் பெற்றோர் அனுப்பி வைக்கிறார்கள். பிள்ளைகள் இருந்தால்தான் வெளிநாட்டவர் வருவார்கள், வெளிநாட்டவர் வந்தால்தான் கட்டணமும் நன்கொடையும் வரும். பிள்ளைகள் நல்ல உடையும் நல்ல படுக்கையுமாக இருந்துவிட்டால் பார்ப்பவர் மனம் இளகாது என்பதால், அவர்களை அப்படி வைக்காமல் இருப்பதே சில நிர்வாகிகளுக்கு ஆதாயமாகிறது. சியெம் ரீப்பில் மாலை நேரங்களில் பிள்ளைகளை அந்நாட்டு மரபு நடனமான அப்சரா ஆட வைத்துக் காணிக்கை திரட்டும் இல்லங்களைப் பற்றி அங்கே தெரியாதவர் இல்லை. எல்லா இல்லமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு வந்த படிவத்தைப் படித்த பிறகு, இது எந்த வகை என்று ஊகிக்க எனக்கு நெடுநேரம் ஆகவில்லை.

2011இல் குழந்தைகள் பாதுகாப்புக்கான சைல்டுசேஃப் அமைப்பு ஒரு சுவரொட்டி வெளியிட்டது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தைகள் நிற்க, வெளியே பயணிகள் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர் என்பதே அதன் வாசகம். பின்னர் கம்போடிய அரசே ஐந்து மாகாணங்களில் இல்லப் பிள்ளைகளில் 30 சதவீதத்தினரை 2018க்குள் குடும்பங்களோடு சேர்க்க இலக்கு வைத்தது. அரசு ஒருபுறம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பப் பாடுபடும்போது, மறுபுறம் இல்லத்தை நிரப்பி வைக்கும் பணமாக உங்கள் 85,000 ரூபாய் போய்ச் சேரக்கூடாது அல்லவா?

கரையோரன் எழுதியது:

இந்தக் கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து பதில் சொல்லக் கூடியவன் நான். நானும் அப்படியோர் இல்லத்தில் வளர்ந்தவன். கம்போடியாவில் அல்ல, நம் கடற்கரை மாவட்டம் ஒன்றில். 2004 டிசம்பர் 26ஆம் நாள் என் தந்தையைக் கடல் கொண்டுபோனது. தாய் இருந்தார். மீன் கூடை சுமந்து மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாமல், நடுப்பிள்ளையான என்னை ஒரு தனியார் இல்லத்தில் விட்டார். அதன் பெயரை எழுத விரும்பவில்லை.

வெளிநாட்டு அண்ணன்மாரும் அக்காமாரும் மூன்று வாரம், நான்கு வாரம் என்று வருவார்கள். ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் வண்ணங்களின் பெயரிலிருந்து தொடங்குவார்கள். நாங்கள் ஒன்றும் தெரியாதவர்கள் போல் திருப்பிச் சொல்லுவோம், ஏனென்றால் தெரியும் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். ஐந்து ஆண்டுகளில் சிவப்பையும் நீலத்தையும் எத்தனை முறை புதிதாகக் கற்றேன் என்று கணக்கில்லை. பின்னங்களை யாரும் கற்றுத்தரவில்லை. யார் மடியில் ஏறி உட்கார்ந்தால் மிட்டாய் கிடைக்கும் என்பதை ஏழு வயதுப் பிள்ளைகூட அறிந்திருக்கும். முதலில் வந்த அக்கா ஊருக்குப் புறப்பட்ட அன்று நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஐந்தாவது அக்கா வந்தபோது அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் தாராளமாகக் கட்டிக்கொள்கிறார்கள், எவ்வளவு அன்பு என்று அவர்கள் நெகிழ்ந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எவர் வந்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் பிள்ளையைக் கண்டு நெகிழ்வதைவிடக் கவலைப்படுவதே பொருத்தம் என்று இன்று ஒரு தகப்பனாக எனக்குத் தோன்றுகிறது.

என் தாய் மாதம் ஒருமுறை பேருந்தேறி வருவார். வெளிநாட்டவர் இருக்கும் நாட்களில் வர வேண்டாம் என்று நிர்வாகத்தினர் அவரிடம் சொல்லியிருந்தார்கள். எங்கள் படத்துக்குக் கீழே அநாதை என்று எழுதியிருந்ததால் அவர் வெளிநாட்டவர் கண்ணில் படக்கூடாது. இதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வந்தவர்களில் ஒருவரை மட்டும் நன்றியோடு நினைக்கிறேன். அவர் தச்சர். எங்களோடு ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லாததைக் கவனித்து, ஊர்த் தச்சர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு எல்லாக் கதவுகளையும் சரி செய்துவிட்டுப் போனார். பதின்மூன்று வயதில் அம்மா என்னை வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். அன்று அவர் கையில் மாதந்தோறும் சிறு தொகை கிடைத்திருந்தால் இல்லத்துக்கே போயிருக்க மாட்டேன். இப்போது மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கு, அவர்கள் வீட்டிலேயே வளர்வதற்காக, மாதம் 4,000 ரூபாய் வழங்க ஏற்பாடு இருக்கிறது. விண்ணப்பிக்கத் தெரியாத தாய்மார்தான் அதிகம்.

இயன்முறை ஆசிரியை எழுதியது:

கரையோரன் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். ஆனால் வெளிநாட்டுத் தன்னார்வப் பணி முழுவதையும் ஒரே கூடையில் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் இயன்முறை மருத்துவத்தில் (பிசியோதெரபி) முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பின் நேபாளத்தில் ஓராண்டு தன்னார்வலராக இருந்தேன். அங்கும் சுற்றுலா விசாவில் ஊதியமற்ற பணி செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே அழைத்த அமைப்பே உரிய விசாவுக்கு ஏற்பாடு செய்தது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைத்து உணவூட்டுவது என்பதை அவ்வூர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லித்தருவதே என் வேலை. நான் நேரடியாகக் கையாண்ட பிள்ளைகள் மிகச் சிலர். அப்போதும் தாய் பக்கத்தில் இருப்பார். நான் திரும்பிய பிறகும் அந்தப் பணியாளர்கள் அங்கேயே இருக்கிறார்கள், பிள்ளைகள் யாரையும் இழக்கவில்லை. தச்சர் செய்ததும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

சிறு குழந்தைகளைக் குளிப்பாட்டி ஊட்டும் பணியைச் சில வாரங்களுக்கு வருபவர்களிடம் ஒப்படைப்பது மிகத் தவறானது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு ஒன்றில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து இரு பிரிவினரையும் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடும்பங்களுக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டிருந்தது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் அந்த மேம்பாடு கூடுதலாகத் தெரிந்தது. குழந்தைக்கு வேண்டியது அடிக்கடி மாறாத ஒரு முகம். பதின்ம வயதினர் செய்தி சற்று வேறு: ஒரு தொழிலையோ கணினியையோ கற்றுத்தர வரும் ஆசிரியர் ஆறு மாதத்தில் போய்விடுவார் என்பதை முன்பே சொன்னால் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள், கற்றதும் அவர்களிடம் தங்கும்.

மருதமலைச்சாரல், உங்கள் கையில் உள்ள திறனை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள். பிள்ளைகளுக்காகப் பணியாற்றும் சிறிய அமைப்புகள் பலவற்றில் பதிவேடுகள் குளறுபடியாகக் கிடக்கின்றன. ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் அமைப்பு 1971 முதல் இயங்குகிறது. அதன் இணையவழித் தன்னார்வப் பிரிவில் வீட்டிலிருந்தே இத்தகைய வேலைகளைச் செய்யலாம், அதற்குக் கட்டணமும் கிடையாது. நேரில்தான் போக வேண்டுமென்றால் பிரிட்டனில் 1958இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. (வாலண்டரி சர்வீஸ் ஓவர்சீஸ்) போன்ற அமைப்புகளைப் பாருங்கள். அவர்கள் கேட்பது பணி அனுபவத்தை. காலமும் வாரக்கணக்கில் முடியாது.

ரூர் நதிக்கரை எழுதியது:

தம்பியைப் பற்றிய கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். நான் ஜெர்மனியில் கூட்டாட்சித் தன்னார்வப் பணித் திட்டத்தின் கீழ் பதின்ம வயதினருக்கான விடுதி ஒன்றில் ஓராண்டு இருந்தேன். கட்டாய இராணுவச் சேவையை நிறுத்திவைத்த 2011இல் அந்நாடு தொடங்கிய திட்டம் இது. இதில் நாம் பணம் கட்டுவதில்லை. அவர்கள் நமக்குக் கைச்செலவுக்குப் பணமும் சமூகக் காப்பீடும் தருகிறார்கள். இருபத்தேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓராண்டில் 25 நாள் பயிலரங்குகள் உண்டு. குழந்தைகளோடு பணியாற்றுவதால் காவல்துறைச் சான்றிதழ் கேட்டார்கள். நம் கடவுச்சீட்டு அலுவலகத்தில் அதைப் பெற்றேன். விடுதியில் பொறுப்பு முழுவதும் பயிற்சி பெற்ற ஊழியர்களுடையது. நான் சமையலில் உதவினேன், சைக்கிள் பழுது பார்த்தேன், கணக்குப் பாடத்தில் தடுமாறும் பையன்களோடு மாலையில் உட்கார்ந்தேன். தனியறையில் எந்தப் பிள்ளையோடும் கதவை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்தார்கள். அப்போது அது என்னைச் சந்தேகிப்பதாகத் தோன்றி வருத்தமாக இருந்தது. ஜெர்மன் மொழி ஓரளவு தெரியாமல் விசா கிடைப்பது கடினம்; எனவே தம்பி படிக்கும்போதே மொழி வகுப்பில் சேரட்டும்.

மருதமலைச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று அந்த நிறுவனத்தை அழைத்து, பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அது எங்கள் துறை சார்ந்த கேள்வி அல்ல என்றார்கள். பயண முன்பதிவை ரத்து செய்துவிட்டேன். முன்பணம் திரும்ப வராதாம், போகட்டும். விமானச் சீட்டு மட்டும் கையில் இருக்கிறது. கம்போடியாவை வெறும் பயணியாகப் பார்த்துவிட்டு வரலாமா, அல்லது அதுவும் தவறாகிவிடுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கென்று நாற்பது வண்ணப் பென்சில் பெட்டிகள் வாங்கி வைத்துவிட்டேன். அவற்றை என்ன செய்வது?

நெடுவழி எழுதியது:

தாராளமாகப் போய் வாருங்கள், பயணி என்றே விசா வாங்குங்கள். சியெம் ரீப்பில் பாரே சர்க்கஸ் பார்க்கத் தவறாதீர்கள். அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994இல் பட்டம்பாங் நகரில் தொடங்கிய கலைப் பள்ளியின் மாணவர்கள் அதில் ஆடுகிறார்கள். நுழைவுச்சீட்டுப் பணம் அந்தப் பள்ளிக்கு உதவுகிறது. புனோம் பென் போனால், தெருவில் வளர்ந்த இளைஞர்களுக்குச் சமையலும் பரிமாறலும் கற்றுத்தரும் பயிற்சி உணவகங்கள் இருக்கின்றன. சாப்பாடும் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

கரையோரன் எழுதியது:

பென்சில் பெட்டிகளை உங்கள் பகுதி அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், யாருக்கு எப்போது தருவது என்பதை அவரே பார்த்துக்கொள்வார். கூடவே கொஞ்சம் ஷார்ப்னர்களும் வாங்கிக் கொடுங்கள். எங்களுக்கு வந்த பெட்டிகள் எதிலும் அது இருந்ததில்லை.