வீட்டில் செய்த லோஷன் மூன்றாம் நாளே பிரிந்துவிடுகிறது, உதவுங்கள்

சருகு:
அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு செதில் செதிலாக உரிகிறது. கடையில் வாங்கியது எதைப் பூசினாலும் எரிகிறது என்கிறார். சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

15 கிராம் தேன்மெழுகை 60 மில்லி பாதாம் எண்ணெயில் உருக்கினேன். அதில் 100 மில்லி தண்ணீர், மடலிலிருந்து வழித்த கற்றாழைச் சதை இரண்டு கரண்டி, நான்கு வைட்டமின் ஈ மாத்திரை. கை பிளெண்டரால் அடித்ததும் வெண்மையாகத் திரண்டு வந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால், விரலால் அழுத்திய குழியில் தண்ணீர் ஊறி நிற்கிறது. இடையிடையே கடுகு அளவில் மெழுகு உருண்டைகள். எட்டாம் நாள் மூடியின் உட்புறம் சாம்பல் நிறத்தில் நாலைந்து புள்ளிகள்.

எங்கே தப்பு? மேலே வழித்துப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா?

எண்ணெய்க்கை:
மெழுகு போதவில்லை. 25 கிராம் போட்டுப் பாருங்கள், இறுகிவிடும்.

மெழுகுப்பானை:
முதலில் அந்த டப்பாவைக் கொட்டிவிடுங்கள். புள்ளி தெரிகிறது என்றால் பூஞ்சை ஏற்கெனவே உள்ளே இறங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா வேறு. உரிந்த தோலில் அதைப் பூசவே கூடாது.

மெழுகைக் கூட்டுவதால் பிரச்சினை தீராது. தேன்மெழுகு எண்ணெயை இறுக்கும், அவ்வளவுதான். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் வேலை அதற்குத் தனியாக வராது. பிளெண்டர் தண்ணீரைச் சிறு துளிகளாக உடைத்தது, இறுகிய மெழுகு அவற்றை இரண்டு நாள் சிறை வைத்தது, அப்புறம் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெளியே வந்துவிட்டன. ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பிடிக்கிற பொருள் வேண்டும். எமல்சிஃபையிங் வாக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். பெயரில் வாக்ஸ் இருப்பதால் தேன்மெழுகும் அதுவும் ஒன்று என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய, நானும் ஏமாந்திருக்கிறேன்.

அந்த உருண்டைகள்? தண்ணீரைச் சூடாக்காமல் ஊற்றினீர்களா?

சருகு:
ஆமாம், குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். சூடாக்க வேண்டும் என்றே தெரியாது.

மெழுகுப்பானை:
அதேதான். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். குளிர்ந்த தண்ணீர் பட்ட இடத்தில் உடனே உறைந்துவிட்டது.

எண்ணெய்க்கை:
ஒரு சிட்டிகை போராக்ஸ் (வெங்காரம்) சேர்த்தால் தேன்மெழுகும் தண்ணீரும் சேரும் என்று எங்கோ படித்த ஞாபகம். பழைய கோல்ட் கிரீம் அப்படித்தானே செய்தார்கள்?

ஆய்வுமேசை:
சேரும், அது உண்மை. மெழுகில் இருக்கும் அமிலமும் போராக்ஸும் சேர்ந்து ஒரு வகை சோப்பாக மாறிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இவர் அம்மாவுக்குத் தோல் உரிந்திருக்கிறது. வெடிப்பும் புண்ணும் உள்ள தோலில் போராக்ஸ் வேண்டாம்.

பூஞ்சைக்கு வருவோம். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியை ஒன்றும் செய்யாது. தண்ணீர் கலந்த எதற்கும் கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேடிவ் வேண்டும். மடலிலிருந்து வழித்த கற்றாழை கிருமிகளுக்குப் போட்ட விருந்து, அதை விட்டுவிடுங்கள். ஃபீனாக்ஸிஎத்தனால் கலந்த பிரிசர்வேடிவ் புதியவர்களுக்கு எளிது, பெரும்பாலும் மொத்த எடையில் 1 சதவீதத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. டப்பாவில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். சோடியம் பென்சோயேட் வாங்கிவிடாதீர்கள், லோஷனின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும், அதை அளக்க வேறு வேண்டும்.

மெழுகுப்பானை:
100 கிராமுக்கு நான் செய்வது இது. கரண்டிக் கணக்கு வேண்டாம், எல்லாமே தராசில். காய்ச்சி வடித்த தண்ணீர் 70, கிளிசரின் 4, இவை ஒரு பாத்திரத்தில். பாதாம் எண்ணெய் 13, ஷியா வெண்ணெய் 5, எமல்சிஃபையிங் வாக்ஸ் 5, சீட்டைல் ஆல்கஹால் (லோஷனைக் கெட்டியாக்கும் மெழுகு போன்ற பொருள்) 2, இவை இன்னொன்றில். இரண்டையும் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்குங்கள். ஆவியாகிப் போன தண்ணீரை எடை பார்த்துச் சூடான தண்ணீராலேயே ஈடுகட்டுங்கள். பிறகு ஒன்றாக ஊற்றிப் பிளெண்டரால் விட்டுவிட்டு அடிக்க வேண்டும், தலை முழுக்க மூழ்கியிருக்கட்டும். சூடாக இருக்கும்போது பால் மாதிரி நீர்த்துத்தான் இருக்கும், பயப்படாதீர்கள், ஆற ஆறக் கெட்டியாகும். 40 டிகிரிக்கு இறங்கியதும் பிரிசர்வேடிவ் 1. பாத்திரம், பிளெண்டர், பாட்டில் எல்லாம் முன்கூட்டியே கழுவிக் கிருமி நீக்கும் ஆல்கஹாலால் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். விரல் விட்டு எடுக்கும் டப்பாவைவிட பம்ப் பாட்டில் நல்லது.

ஈரக்கால்:
இத்தனை பாடு எதற்கு? தண்ணீரே சேர்க்காமல் தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு உருக்கி ஆறவிட்டால் தைலம். ஈரக்கை படாமல் பார்த்துக்கொண்டால் பிரிசர்வேடிவும் வேண்டாம். குளித்துத் துவட்டியதும், தோலில் ஈரப்பதம் இருக்கும்போதே பூச வேண்டும். மெழுகு ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தை வெளியே விடாது. காய்ந்த காலில் பூசிவிட்டுப் பலனில்லை என்று சொல்லக் கூடாது.

ஆய்வுமேசை:
இதுவும் நல்ல வழிதான். எதைச் செய்தாலும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஓரிரு நாள் பாருங்கள். தோல் சிவந்து நீர் வடிந்தாலோ, வெடிப்பில் ரத்தம் வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சருகு:
செய்துவிட்டேன். பத்து நாளாகிறது, பிரியவில்லை, புள்ளியும் இல்லை. முன்கையில் பூசிப் பார்த்ததில் எரிச்சல் இல்லை. ஆனால் காலில் தேய்க்கும்போது சோப்பு நுரை மாதிரி வெள்ளைக் கோடு விழுகிறது, மறைய நேரமாகிறது.

மெழுகுப்பானை:
பிளெண்டரை மேலே தூக்கித் தூக்கி அடித்தீர்களா? காற்று புகுந்திருக்கும். அடுத்த முறை மூழ்கியபடியே அடித்துவிட்டு, ஆறும்போது கரண்டியால் கிளறினால் போதும். சீட்டைல் ஆல்கஹாலை 1 கிராமாகக் குறைத்து, தண்ணீரை 71 ஆக்குங்கள்.

சருகு:
தூக்கித்தான் அடித்தேன். இரண்டாவது தடவை கோடு மிகவும் குறைந்துவிட்டது. செதில் உதிர்வதும் குறைவு. அம்மாவுக்கு ஒரே குறை, வாசனையே இல்லையாம். இரண்டு சொட்டு லாவெண்டர் எண்ணெய் விடலாமா?

ஆய்வுமேசை:
வேண்டாம். கடை லோஷன் எரிந்ததற்கு அதிலிருந்த வாசனைப் பொருளே காரணமாக இருக்கலாம்.