லோயரிடம் இருக்கும் ஃபைல் யாருடையது? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

நிலாவெளி மகள்:
அம்மாவின் பாகப்பிரிவினை வழக்கு திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்காக இழுபடுகிறது. சட்டத்தரணியை மாற்ற முடிவெடுத்து, பழையவரிடம் ஃபைலைக் கேட்டோம். "அது ஐயாவின்ர ஃபைல், தர ஏலாது" என்றார் கிளார்க். அம்மப்பாவின் காணி உறுதி அதற்குள்தான் இருந்தது, அசல். அன்றிரவு அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதிய சட்டத்தரணி பதறவில்லை. நாங்கள் கொடுத்த உறுதியும் பிளானும் ரசீதுகளும் எங்களுடையவைதான் என்றார். "ஃபீஸ் பாக்கி ஏதும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பாக்கி இருந்தால், அது தீரும்வரை தாள்களைப் பிடித்துவைக்கும் உரிமையைப் பழையவர் கோரலாமாம். பாக்கி இல்லை. ஒவ்வொரு ஆவணத்தையும் பெயர் சொல்லிக் கேட்டு, பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். அடுத்த தவணைக்கு முன்பே உறுதி வந்துவிட்டது. மடிப்புக் கிழிசலில் அம்மா ஒட்டிய செலோடேப் மஞ்சளாகி அப்படியே இருந்தது. அதைத் தடவிப் பார்த்துத்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

பழைய கிளார்க்:
சட்டத்தரணி ஒருவரிடம் பல காலம் வேலை செய்தவன் நான். ஒரே அட்டைக்குள் இருந்தாலும் எல்லாத் தாளும் ஒருவருக்கே சொந்தமில்லை. கட்சிக்காரர் கொடுத்தவை அவருடையவை. லோயர் தன் யோசனைக்காகக் கிறுக்கிவைத்த குறிப்புகள் லோயருடையவை. இரு தரப்பும் நீதிமன்றத்தில் போட்ட பத்திரங்களுக்காக யாரிடமும் கெஞ்சவே வேண்டாம். வழக்கேட்டிலிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

ஆட்கள் புரொக்சியை, அதாவது லோயரை நியமித்து நீங்கள் கையொப்பமிட்டு நீதிமன்றத்தில் போட்ட பத்திரத்தை, மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை. ஃபைல் கைக்கு வந்தாலும், பழைய புரொக்சி இருக்கும்வரை நீதிமன்றத்துக்குப் பழைய லோயர்தான் உங்கள் சட்டத்தரணி. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 27ஆம் பிரிவின்படி அவருக்கு அறிவித்தல் கொடுத்து, நீதிமன்ற அனுமதியோடு, நீங்கள் கையொப்பமிட்ட எழுத்தைத் தாக்கல் செய்துதான் அதை நீக்கலாம்.

கிண்ணியாவிலிருந்து:
வாப்பாவின் காணி வழக்கைப் பார்த்த லோயர் காலமாகிவிட்டார். ஃபைல்கள் எல்லாம் அவர் வீட்டு அலுமாரியில். அவருடைய மனைவி வாப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மரியாதையாகத் தந்தார். உறுதி மட்டும் உள்ளே இல்லை. நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும் அல்லவா? அங்கே விண்ணப்பித்துப் பிரதி எடுத்தோம். புது லோயருக்குப் புரொக்சி கொடுத்தாயிற்று, வழக்கு ஓடுகிறது.