குளோசபைன் எடுக்கும் தம்பிக்கு வெள்ளை அணு குறைகிறது, மருந்தை நிறுத்திவிடலாமா?

தம்பிக்கு மனச்சிதைவு. இரண்டு மருந்து மாற்றிப் பார்த்தும் காதில் குரல்கள் ஓயவில்லை, இப்போது குளோசபைன் தொடங்கி ஒன்பதாவது வாரம். நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து அவனாகவே பேச்சை ஆரம்பித்தான், இரண்டு வருடத்தில் இதுதான் முதல் முறை. ஆனால் வாராந்திர ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணு) 4,100-லிருந்து 2,600-க்கு இறங்கியிருக்கிறது. மனநல மருந்து எதிர்ப்புச் சக்தியில் ஏன் கை வைக்கிறது? பயமாக இருக்கிறது.

பதில் 1
நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென விட்டால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். 2,600 இயல்பான அளவுதான். ஆனாலும் இறங்கியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். பயப்படுவது அக்ரானுலோசைட்டோசிஸுக்கு, அதாவது நியூட்ரோபில் 500-க்கும் கீழே போய்விடுவது. நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வரும், அதுவும் பெரும்பாலும் முதல் 18 வாரங்களில். 1975-ல் பின்லாந்தில் இப்படிச் சிலர் இறந்த பிறகுதான் இந்த மருந்துக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயமானது. குளோசபைன் சிதையும்போது உண்டாகும் ஒரு வேதிப்பொருள் நியூட்ரோபிலின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது, அதனால் அணு அழிகிறது என்பது முக்கியமான விளக்கம். எல்லா மனநல மருந்துகளும் இந்த அளவுக்குச் செய்வதில்லை.

பதில் 2
என் அம்மா ஆறு வருடமாக இதே மருந்துதான். காய்ச்சல், தொண்டை வலி என்றால் அடுத்த வாரப் பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை அம்மாவுக்குச் சளிக்காய்ச்சல், அணுக்கள் சரியாகத்தான் இருந்தன, ஆனால் எழுப்பினால்கூட கண் திறக்காத தூக்கம், தலையணை முழுக்க எச்சில். உடலில் அழற்சி வந்தால் குளோசபைனை உடைக்கும் கல்லீரல் நொதி மந்தமாகி, அதே மாத்திரையிலேயே ரத்தத்தில் மருந்து ஏறிவிடுமாம். அப்புறம் மருத்துவர் அளவைக் குறைத்தார். முதல் சில வாரங்களில் நெஞ்சு வலி, படபடப்பு வந்தாலும் அலட்சியம் செய்யாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், இதயத் தசை அழற்சியாக இருக்கலாம்.

பதில் 3
டி செல்கள் எனும் எதிர்ப்பு அணுக்களிலும், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏற்கும் ஏற்பிகள் உண்டு, அதனால் டோபமைனைத் தடுக்கிற மருந்து மூளையோடு நின்றுவிடாது. குளோசபைனை நீண்ட நாள் எடுப்பவர்களில் சிலருக்கு ஐஜிஜி போன்ற எதிர்ப்புப் புரதங்கள் குறைகின்றன, நிமோனியாவும் அதிகம் வருகிறது. இரவில் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதும் அதற்கு ஒரு காரணம். அடிக்கடி சளி பிடித்தால் இந்தப் புரதங்களின் (இம்யூனோகுளோபுலின்) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்
மருத்துவரிடம் பேசிவிட்டேன். மருந்து தொடர்கிறது, மூன்று நாளில் மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள். தெர்மாமீட்டரை அவன் கட்டிலருகே வைத்துவிட்டேன்.