முகாம் கத்தி அடிக்கக் கொடுக்கப் போகிறேன்: 8 மி.மீ. கனம் போதுமா, 10 வேண்டுமா?

காப்பிக்காட்டான் எழுதியது:

வணக்கம். தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். சில்வர் ஓக்கில் மிளகு ஏறியிருக்கிறது, ஓரத்தில் மூங்கில், ஓடைப் பக்கம் முழுக்க உண்ணிப் புதர். அங்கே வீடு கிடையாது. விடுமுறையில் போனால் தார்ப்பாய் கட்டித்தான் தங்குவோம். அரிவாள், கைக்கோடாலி, காய்கறிக் கத்தி என்று மூன்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு மலையேறி அலுத்துவிட்டது. மூன்று வேலையையும் பார்க்கிற மாதிரி ஒரே கத்தியாக அடித்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

வத்தலக்குண்டு பக்கம் ஒரு பட்டறைக்காரர் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தருகிறேன் என்கிறார். "அளவைச் சரியாப் போட்டுக் குடுங்க, அப்புறம் அதை மாத்து இதை மாத்துன்னு வரக் கூடாது" என்பது அவர் போட்ட நிபந்தனை. அதனால்தான் முன்கூட்டியே இங்கே கேட்கிறேன்.

அலகு 12 அங்குலம், அகலம் 55 மி.மீ., கனம் முழுக்க 8 மி.மீ. வாய்ச் சரிவு பாதி அகலத்திலிருந்து தொடங்கும். முதுகில் ரம்பப் பல். பிடிக்கு முன்னால் இரும்புக் காப்பு. பிடியில் மரம் வேண்டாம், இரும்பின் மேலேயே நைலான் கயிறு சுற்றிவிடலாம் என்று நினைப்பு. விறகு பிளக்க, மூங்கில் வெட்ட, கூடார முளை சீவ, வெங்காயம் நறுக்க, அவசரத்துக்குக் கல்லை நெம்ப, எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். 8 போதுமா, 10 போடலாமா?

பழைய ஃபிட்டர் எழுதியது:

தம்பி, எடையைப் போட்டுப் பார்த்தீர்களா? உருக்கு ஒரு கன செ.மீ. 7.85 கிராம். உங்கள் அலகு 30 × 5.5 × 0.8, அதாவது 132 கன செ.மீ. அதுவே 1036 கிராம். பிடிக்குள் போகிற வால் தனி. சரிவுக்குத் தேய்த்தது, மூக்குக்குச் சீவியது எல்லாம் கழித்தாலும் மொத்தம் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். பத்து மி.மீ. என்றால் இன்னும் கால் கிலோ. கைக்கோடாலியின் தலையே 600 கிராம் சுற்றித்தான். அது ஒரு முழக் காம்பின் நுனியில் இருப்பதால் அடி இறங்குகிறது. உங்கள் கத்தியில் எடை முழுவதும் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும். மணிக்கட்டுதான் வலிக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சரிவு. 55 மி.மீ. அகலத்தில் பாதியிலிருந்து தொடங்கினால் 27 மி.மீ. தூரத்துக்குள் 8 மி.மீ. கனம் வாயாக ஒடுங்க வேண்டும். கோணம் போட்டால் கிட்டத்தட்ட 17 டிகிரி ஆப்பு. பச்சைக் கட்டையில் அது ஆழமாக இறங்காது. வெங்காயத்தை நறுக்காது, உடைக்கும். அதே 8 மி.மீ. கனத்தை முதுகிலிருந்தே சரித்து இறக்கினால் 8 டிகிரிதான். ஆக, கத்தி வெட்டுமா வெட்டாதா என்பதை முதுகின் கனத்தைவிட அது வாய்க்கு எப்படி இறங்கி வருகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. இதைப் புரிந்துகொண்டால் 8, 10 என்ற கேள்வியே எழாது.

நான் போட்டால் இப்படிப் போடுவேன். அலகு 225 மி.மீ., அகலம் 45. முதுகு பிடியருகே 5.5 மி.மீ., அங்கிருந்து படிப்படியாக மெலிந்து மூக்கருகே 3 மி.மீ. சரிவு முதுகிலிருந்தே. வாய்க்கு மேலே ஒரு மி.மீ. கனம் இருக்கட்டும், அதில் பக்கத்துக்கு 20 டிகிரி கூர் வையுங்கள். பிடியோடு சேர்த்து அரைக் கிலோவுக்குள் வந்துவிடும்.

ரம்பப் பல்லை இப்போதே அழித்துவிடுங்கள். ரயில்வே பணிமனையில் ஸ்பிரிங் செக்‌ஷனில் இருந்தவன் நான். உடைந்து வருகிற பட்டைகளில் விரிசல் எங்கே தொடங்கியிருக்கும் தெரியுமா? நடு போல்ட் ஓட்டையில், அல்லது விளிம்பில் விழுந்த கீறலில். கூர்மையான மூலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் விசை குவியும். முதுகில் நீங்களே இருபது கீறல் போட்டுக் கொடுக்கிறீர்கள். போதாக்குறைக்கு, விறகு பிளக்கும்போது முதுகில் கட்டையால் தட்டுவீர்கள். அந்தப் பல் கட்டையைத்தான் தின்னும். அதே காரணத்துக்காக வாலும் அலகும் சேருகிற இடத்தில் நேர்மூலை விடக் கூடாது. பென்சில் கனத்துக்காவது வளைவு வேண்டும்.

கல்லை நெம்ப ஒரு சின்னக் கடப்பாரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் சேர்த்துக் கத்தி செய்தால் அது கடப்பாரையாகத்தான் வரும்.

உலைக்களத்தான் எழுதியது:

ஃபிட்டர் அண்ணன் அளவைச் சொல்லிட்டாரு, நான் பதத்தைச் சொல்றேன். எங்க வீட்டுல தலைமுறையா பட்டறை, திருப்பாச்சேத்தி பக்கம்.

பட்டை நல்ல உருக்குதாங்க. குரோமியம் சேர்த்ததும் இருக்கு, சிலிக்கான் மாங்கனீசு சேர்த்ததும் இருக்கு. கார்பன் ரெண்டுலயும் 0.5, 0.6 சதவீதம் வாக்குல இருக்கும், பதம் நல்லாப் பிடிக்கும். ஆனா லாரியில வருஷக்கணக்கா ஆடின பட்டையில கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். பட்டை கட்டுற கடையில புதுப் பட்டை வெட்டின துண்டு கிடக்கும், அதைக் கேட்டு வாங்கிக் குடுங்க. ஜீப், வேன் பட்டைன்னா கனமும் கம்மி, அடிச்சு மெலிய வைக்கிற கூலி மிச்சம்.

அடிச்சு முடிச்சதும் நேரா எண்ணெயில போட்றக் கூடாது. மூணு வாட்டி செவக்கக் காய்ச்சி, சும்மா காத்துல ஆற விடச் சொல்லுங்க. அடிச்ச இறுக்கம் போகும், உள்ளுக்குள்ள உருக்கோட மணி பொடிசாகும். அப்புறம் பதம். காந்தம் ஒட்டாம போற சூடு 770 டிகிரி, அதுக்கு மேல இன்னொரு நிறம் ஏறணும், 830 வாக்குல. பகல் வெளிச்சத்துல நிறம் ஏமாத்தும், பட்டறையை இருட்டாக்கிட்டுப் பாருங்க. எண்ணெய் 50, 60 டிகிரி சூட்டுல இருந்தா நல்லா ஓடும். கடலை எண்ணெய் போதும். பழைய இன்ஜின் ஆயில் வேணாம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

பச்சைத் தண்ணியில முழுக்கத்தியையும் முக்கினா இந்த உருக்கு 'டிக்'னு ஒரு சத்தம் குடுக்கும். அவ்வளவுதான், கத்தி போச்சு. எங்க அப்பா அருவாளுக்குத் தண்ணிதான் காட்டுவாரு, ஆனா வாயை மட்டும். முதுகுல நிக்கிற சூடு திரும்ப வாய்க்கு இறங்கும். அதுல மஞ்சள் நிறம் ஓடி வர்றப்ப சட்டுனு நிறுத்துவாரு. நேபாளத்துல குக்ரி அடிக்கிறவங்க கெட்டில்ல தண்ணி எடுத்து வாய் நெடுக ஊத்துறதும் இந்தக் கணக்குதான். அந்தக் கண்ணு உங்க பட்டறைக்காரருக்கு இருந்தா அவரு போக்குல விட்றுங்க. சந்தேகமா இருந்தா எண்ணெயில முக்கி எடுத்து, ஊர் பேக்கரி அடுப்புல 210 டிகிரியில ரெண்டு மணி நேரம், ஆற விட்டு இன்னொரு ரெண்டு மணி நேரம். பேக்கரிக்காரர் சிரிப்பாரு, பரவால்ல.

கோர்ட்டு வாசல் எழுதியது:

அளவு பற்றி ஒரு வார்த்தை. 2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் 12 அங்குலத்தில், காப்பும் ரம்பப் பல்லுமாக இருப்பதைக் காட்டி "காப்பித் தோட்ட வேலைக்கு" என்று சோதனைச்சாவடியில் விளக்கிப் பாருங்கள். ஃபிட்டர் சொன்ன 225 × 45 இரண்டு அளவுக்கும் உள்ளேயே நிற்கிறது. போகும்போது உறையில் போட்டு மூட்டைக்குள் கட்டிவிடுங்கள், இடுப்பில் வேண்டாம். உங்கள் தோட்டத்துக்குள் வைத்துக்கொள்வது வேறு, பக்கத்துக் காட்டுக்குள் போவது வேறு. எந்தச் சரணாலயத்துக்குள்ளும் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்று 1972 வனவிலங்குச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது.

பேராக் மணியம் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது, பாராங் என்கிற வெட்டுக் கத்தி மட்டும் மாறவில்லை. நல்ல பாராங்கின் வாய் தட்டையாக இருக்காது, இரு பக்கமும் லேசாகப் புடைத்து வந்து கூராகும். ஈரக் கட்டையில் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வருவது அதனால்தான். தட்டைக் கல்லில் தேய்க்காமல், மெத்தென்ற ரப்பரின் மேல் உப்புத்தாள் வைத்து இழுத்தால் அந்தப் புடைப்பு தானாக வரும்.

இன்னொன்று, வாய் முழுக்க ஒரே கூர் வேண்டியதில்லை. பிடிக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவு மெல்லிய கூர், முளை சீவ. நடுவில் வெட்டுகிற இடத்தில் கொஞ்சம் தடித்த கூர். நுனியில் மறுபடி மெல்லிசு.

கயிறு சுற்றிய பிடி படத்தில்தான் அழகு. வியர்வையையும் மழையையும் குடித்துவைத்துக்கொள்ளும், அடியில் துரு பிடிக்கும், அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளிக்கும்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

மணியம் அண்ணே, 225-இல் ஒரு சாண் போனால் மிச்சம் என்ன இருக்கும்? நாலு விரல்கடை என்று வைத்துக்கொள்வோம். மற்றபடி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி.

காப்பிக்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்தேன். 225 × 45, கனம் 5.5-இலிருந்து 3, சரிவு முதுகிலிருந்தே, வாய் புடைப்பாக. ரம்பம், காப்பு இரண்டும் இல்லை. வேன் பட்டைத் துண்டு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். பிடிக்கு என்ன மரம், என்ன அளவு? காப்பு இல்லாவிட்டால் கை வழுக்கி வாய்க்குப் போய்விடாதா? உறைக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

வெட்டுக் கத்தியில் கை முன்னால் வழுக்குவதைவிடக் கத்தி கையிலிருந்து பின்வழியாகப் பறப்பதுதான் அதிகம். அதனால் பிடியின் கடைசி கீழே கொக்கியாக வளைந்து சுண்டுவிரலைத் தடுக்க வேண்டும். முன்பக்கம் அலகின் அடிக்குதி பிடியைவிட ஒரு விரல் கீழே இறங்கி நின்றால் அதுவே காப்பு. நீளம் 130 மி.மீ., குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை வடிவம், கனம் 24 மி.மீ. சுற்றி. விரலுக்கு விரல் பள்ளம் தோண்டாதீர்கள். சீவும்போது ஒரு பிடி, வெட்டும்போது ஒரு பிடி, பள்ளம் இரண்டையும் கெடுக்கும்.

மரம் நன்றாகக் காய்ந்த தேக்கோ பூவரசோ போதும். ஈட்டி மரம் தேடி அலைய வேண்டாம். பழைய கட்டில் கால் கிடைத்தால் அதைவிடக் காய்ந்த மரம் இல்லை. இரு பக்கமும் பலகை வைத்து அரால்டைட் ஒட்டி, 6 மி.மீ. பித்தளைக் கம்பி மூன்று அறைந்து, ஆளி விதை எண்ணெய் ஊற வையுங்கள். வாலின் நடுவில் கூடுதலாக நாலைந்து ஓட்டை போட்டால் எடையும் குறையும், பசையும் இரு பக்கமும் கோத்துப் பிடிக்கும். எல்லா ஓட்டையையும் பதம் வைப்பதற்கு முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள், பிறகு டிரில் பிட்தான் மழுங்கும்.

உறைக்கு 50 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு. கொதிக்கிற வெந்நீரில் போட்டால் இளகும். இரண்டு பலகைக்கு நடுவில் நசுக்கி, உள்ளே கத்தி கனத்துக்கு ஒரு அட்டையைச் செருகி ஆற விடுங்கள். தீயில் வாட்டாதீர்கள். தோல் உறைதான் வேண்டுமென்றால் திண்டுக்கல்லில் மரப்பட்டை போட்டுப் பதமிட்ட தோல் கேளுங்கள். எந்த உறையானாலும் வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள்.

பட்டறையில் காசு கொடுப்பதற்கு முன்பு, பிடி மாட்டாமலேயே ஒரு சோதனை. மிச்சப் பித்தளைக் கம்பியைக் கிடத்தி, கூர் வைத்த வாயை அதன் மேல் சாய்த்து அழுத்தி நெடுக இழுங்கள். வாய் லேசாக வளைந்து கொடுத்துத் திரும்பிவிட்டால் வாங்கிக்கொள்ளலாம். வளைந்தபடியே நின்றால் பதம் பற்றவில்லை, திரும்ப முதலிலிருந்து. வாய் பொரிந்து உதிர்ந்தால் அடுப்பில் இன்னும் 20 டிகிரி ஏற்றி ஒரு சுற்று வைத்து, வாயைத் தேய்த்துப் புதுக்கூர் எடுத்துவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.